நிறுத்தி வைத்த நேரம்

மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு நான் தயாரான ஆண்டில், நேரம் பார்ப்பது அப்பாவின் வேலை. அவர் லோரி ஓட்டுநர். கேள்விகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததால் அவரால் வேறெதிலும் உதவ முடியவில்லை. ஞாயிறு காலைகளில் நான் மாதிரி வினாத்தாள் எழுத, எங்கள் செந்தூல் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, கைப்பேசியில் நேரத்தை ஓட விடுவார்.

கேள்விகள் அவ்வளவு கடினமில்லை. நேரம்தான் போதாது. நானோ எதையும் இரண்டு முறை படிப்பவள். முதல் சில வாரங்கள் பாதியிலேயே நின்றேன். பிறகு மெல்ல மெல்ல எல்லாவற்றையும் முடிக்கத் தொடங்கினேன். வேகம் வந்துவிட்டதென்று நம்பினேன்.

தேர்வு நெருங்கியபோது, பிரிக்பீல்ட்ஸில் நான் படித்த டியூஷன் மையம் கணினியில் ஒரு மாதிரித் தேர்வு வைத்தது. திரை தானாக மூடிக்கொண்டபோது கடைசிப் பகுதியில் பாதியை நான் தொடவே இல்லை. "உடம்பு சரியில்லையா?" என்று ஆசிரியை கேட்டார். அழுகையை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"நீ ஒரு கேள்வியில மாட்டிக்கிட்டு நெத்திய தேய்ப்பல்ல, அப்பலாம் டைம கொஞ்சம் நிப்பாட்டி வைப்பேன்மா."

"ஒவ்வொரு வாரமுமா பா?"

"பாக்க பாவமா இருக்கும்லா."

கோபப்பட வாய் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அடுத்த வினாத்தாளை எடுத்து மேசையில் வைத்தேன்.

அதன்பின் அவர் நேரத்தை நிறுத்தவில்லை. முடிந்ததும், "போதும்மா" என்பார், யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல. நானும் பேனாவை வைத்துவிடுவேன். மிச்சமிருந்த நாட்களில் என் வேகம் கூடவே இல்லை. விடை தெரிந்த கேள்விகளைக்கூட நேரமில்லாமல் தொடாமல் விட்டேன்.

தேர்வு அம்பாங்கில் நடந்தது. முடித்துவிட்டு வெளியே வந்தபோது, அப்பா தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"டைம் பத்துச்சாமா?"

"பத்தல பா."

தலையை ஆட்டிவிட்டு என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

மதிப்பெண் வந்தது. மருத்துவக் கல்லூரி கேட்டதைவிடக் குறைவு. அப்பா என் கைப்பேசியை வாங்கி, அந்த எண்ணை விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இதுக்கு மேல போயி, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக் கேக்க யாராச்சும் இருக்காங்களா மா?"

"யாரும் இல்ல பா," என்றேன்.