நாடா புண்

எலி வளையைக் கொத்துவதற்கு முன்னால் என் ஓரகத்தி அதன் வாயில் கை வைத்துப் பார்ப்பாள். மண் ஈரமாக, பொலபொலவென்று இருந்தால் உள்ளே சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் களைக்கொத்தால் நாலு கொத்து, முழங்கை வரைக்கும் கையை விட்டு ஒரு துழாவல். நமக்கு முன்பே அறுவடையை முடித்து எலி பதுக்கி வைத்திருந்த மல்லாட்டை கை நிறைய வெளியே வரும். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர். அதைக் கூடையில் போடமாட்டாள். புடவையை மடித்து இடுப்பில் மடி கட்டியிருப்பாள். மண்ணும் சருகுமாக எல்லாம் அதற்குள்தான் போகும். ஒலக்கூர்ப் பக்கம் கார்த்திகையில் காய் பிடுங்கி முடிந்ததும் பெண்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் இது. கொல்லை யாருடையதாக இருந்தாலும் வளையில் கிடைத்தது கொத்தியவளுக்கு.

"எலி பொறுக்கி வெச்சதுடி, ஒரு சொத்த இருக்காது, தின்னு பாரு" என்று நீட்டுவாள். நானும் தின்றிருக்கிறேன். ருசியாகத்தான் இருந்தது.

என் கணவரின் அண்ணன் மனைவி அவள். கிளியனூரில் பாண்டி ரோட்டோரம் வளர்ந்த எனக்குக் கொல்லை வேலை ஒன்றும் தெரியாது. "ரோட்டுல பொறந்தவள இட்டாந்து என் தலயில கட்டிட்டாங்க" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டே எனக்குக் களை எடுக்கவும் கேப்பைக் களி கிண்டவும் பழக்கினாள். கோபம் வந்தால் யாரோடும் பேசாமல் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். உட்கார்ந்து நான் பார்த்ததே குறைவு. அதனால்தான் அந்த வருஷம் காய் பிடுங்கி முடிந்த கொஞ்ச நாளில் அவள் போர்வையை இழுத்துக்கொண்டு படுத்தபோது வீடே விசித்திரமாக இருந்தது.

முதலில் மெடிக்கலில் வாங்கின மாத்திரை. பிறகு திண்டிவனத்தில் ஒரு கிளினிக்கில் ஊசி. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டைபாய்டு மாதிரி தெரிகிறது என்றார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்குவதுபோல் இறங்கி, வீட்டுக்கு வந்ததும் ஏறிக்கொண்டது. கண் இரண்டும் சிவந்து, தலைவலி தாங்காமல் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டாள். ஒரு நாள் ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துவிடும்போது பாவாடை நாடாவுக்கு அடியில் கறுப்பாக ஒரு பொருக்கைப் பார்த்தேன். பீடியால் சுட்டதுபோல் இருந்தது, சுற்றிலும் சிவப்பு.

"இன்னாக்கா இது?"

"நாடா அறுத்த புண்ணுடி. வலியே இல்ல. உனுக்கு இல்லியா?"

எனக்கும் இருந்தது. நாளெல்லாம் குனிந்து நிமிர்கிறவள் நாடாவை இறுக்கித்தான் கட்டுவாள். வியர்வையும் கயிறும் சேர்ந்து இடுப்பைச் சுற்றிக் கறுத்து, தடித்து, அவ்வப்போது புண்ணாகும். எங்கள் ஊரில் அதை யாரும் யாரிடமும் சொல்வதில்லை, எண்ணெய் தடவுவதுகூட இல்லை. கிளினிக் டாக்டர், வயதான நல்ல மனிதர், கேட்கத்தான் செய்தார்: "ஒடம்புல எங்கயாவது புண்ணு இருக்காம்மா?" இவள் "இல்லீங்க சார்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. எங்களுக்கு நாடா புண், புண் கணக்கிலேயே சேராது.

மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். உடை மாற்ற நாடாவைத் தளர்த்திய நர்ஸ் அந்தக் கறுத்த பொருக்கைப் பார்த்தார். ஓடிப்போய் ஒரு சின்ன வயது டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார். உண்ணிக் காய்ச்சல் என்ற பேரை அன்றைக்குத்தான் நாங்கள் கேள்விப்பட்டோம்.

"வயல் எலி மேலயும் புதர்லயும் இருக்கிற பூச்சிம்மா, கண்ணுக்கே தெரியாது. துணி இறுக்கமா இருக்கிற எடமாப் பாத்துக் கடிக்கும். கடிச்ச எடம் இப்படிக் கருகிடும். எலிக்கு ஒண்ணும் ஆவாது, அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும். மாத்திரை இருக்கு, சாதாரண மாத்திரைதான். கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்."

மருந்தை உடனே ஆரம்பித்தார்கள். ஆனால் அதற்குள் நுரையீரலும் சிறுநீரகமும் கெட்டிருந்தன. மறுநாள் காலையில் போய்விட்டாள். பெரிய நோய் ஏதோ வந்து செத்தாள் என்றால் மனசு ஆறியிருக்குமோ என்னவோ. இது ஒரு கயிற்றுக்கு அடியில் கண்ணெதிரே இருந்தது; நானே பார்த்திருக்கிறேன்.

கருமாதிக்கு வந்தவர்களிடம் எலி, பூச்சி என்று சொல்லிப் பார்த்தேன். "வளையில கை வுடாத பொம்பள இந்த ஊர்ல யாரு இருக்கா? இவளுக்கு மட்டும் வந்துதா?" என்று கேட்டார்கள். அடுத்த கார்த்திகையிலும் அவரவர் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அவள் மகள் என்னிடம்தான் வளர்ந்தாள். இப்போது திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. போன கார்த்திகையில் லீவு போட்டுவிட்டுக் காய் பிடுங்க வந்தாள். நான் கத்தக் கத்த, மற்ற பெண்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே வளையில் கையை விட்டாள். அம்மாவின் பிடிவாதம் அப்படியே. கொஞ்ச நாளில் காய்ச்சல் என்று கடையிலிருந்து பாதியில் வந்து நின்றாள்.

கதவைச் சாத்திவிட்டு, "நாடாவ அவுருடி" என்றேன்.

"ஐயே, இன்னா சின்னம்மா, பேஜாரு பண்ணிக்கினு!"

திமிறினாள். கையைத் தட்டிவிட்டு நானே அவிழ்த்தேன். இருந்தது. அதே கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. மெடிக்கல், கிளினிக் எதற்கும் நிற்காமல் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் பேர் கேட்பதற்குள், "சார், மொதல்ல இடுப்பப் பாருங்க" என்றேன். அவள் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் பார்த்தார், தலையாட்டினார், எழுதிக் கொடுத்தார்.

அதிக நாள் ஆகவில்லை. ஒரு காலையில் காய்ச்சல் விட்டு, வியர்த்து எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றாள். கேப்பைக் கஞ்சி கரைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் மீதி மாத்திரை இருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்கும் இதே மாத்திரதானா, சின்னம்மா?"

"ஆமாண்டி."

"இவ்ளோதானா?"

கஞ்சியைக் குடி என்றேன். அவள் வெகுநேரம் குடிக்கவில்லை.