கேள்விக்குறிகளாய்ப் போன குறிப்புகள்

கோவையில் நான் வேலை பார்க்கும் சிறிய மென்பொருள் அலுவலகம், பல்லடத்துக் கோழி நிறுவனம் ஒன்றுக்குச் செயலி செய்து கொடுத்திருந்தது. பண்ணை பண்ணையாகப் போகும் மேற்பார்வையாளர்கள் தீவனம், எடை, இறப்பு எல்லாவற்றையும் செல்போனிலேயே பதிவு செய்வார்கள். கடைசியில் குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலோர் அதில் ஆங்கிலத்தில் ‘ஓகே’ என்று தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மொபெட்டில் சுற்றும் ஓர் அக்கா மட்டும் தமிழில் எழுதுவார். ‘மேற்கு மூலையில் குஞ்சுகள் ஒண்டி நிற்கின்றன. அந்தப் பக்கத் தார்ப்பாய் கிழிந்திருக்கிறது.’ நிறுவனத்தின் கால்நடை டாக்டர் காலையில் அதைப் படித்துவிட்டுத்தான் எந்தப் பண்ணைக்குப் போவதென்று முடிவு செய்வார். வேலையைத் தொடங்குமுன் நானும் படிப்பேன்.

செயலிக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே நின்று, நாங்கள் எழுதும் நிரலைத் தரவுத்தளத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் ‘லைப்ரரி’ என்ற ஆயத்த நிரல்தொகுப்பு ஒன்று உண்டு. அதன் புதிய பதிப்புக்கு மாறியபோது, தரவுத்தளத்துடன் நேரடியாகப் பேசுகிற ‘டிரைவர்’ என்ற பழைய சிறு மென்பொருள் அதோடு ஒத்துப்போகவில்லை. அந்த டிரைவருக்குப் பதில் புதியதைப் போட்டோம். ஒரு பிழைச்செய்தியும் வரவில்லை. எண்கள் சரி, தேதி சரி. சோதனைக்கு நாங்கள் தட்டியதெல்லாம் ஆங்கிலம்.

சில நாளில் அக்கா கூப்பிட்டார். “ஏனுங்க தம்பி, நான் எழுதிப்போட்டுத் திரும்பப் பார்த்தா வெறும் கேள்விக்குறியா வருதுங்க.”

பக்கத்து இருக்கை நண்பர்தான் போனை எடுத்தார். “உங்க போன்ல ஃபான்ட் பிரச்சனைங்க அக்கா. இங்க ஒண்ணுமில்லை.”

அவரும் நம்பிவிட்டார். டாக்டருக்குச் சரியாகத்தான் தெரியும் என்று தொடர்ந்து எழுதினார். டாக்டரோ, ஏதோ கைதவறித் தட்டியிருக்கிறார் என்று விட்டுவிட்டார். பதிப்பு மாற்றிய வேலை நெருக்கடியில் அந்த நாட்களில் நானும் குறிப்புகளைப் படிக்கவில்லை.

சோமனூர்ப் பக்கம் ஒரு ஷெட்டில் சீக்கு வந்து குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. முன்னமே சொல்லவில்லையென்று பண்ணைக்காரர் முன்னாலேயே டாக்டர் அக்காவைத் திட்டினார். “மூச்சு விடறப்போ கரகரன்னு சத்தம் கேக்குதுன்னு எழுதிப்போட்டேனுங்களே,” என்று மட்டும் அக்கா சொன்னாராம்.

அன்றுதான் நான் உட்கார்ந்து பார்த்தேன். ‘அ’ என்று தட்டினேன். நிரலில் அ. லைப்ரரியை விட்டு வெளியே போகும்போதும் அ. தரவுத்தளத்தில் கேள்விக்குறி. நடுவில் இருந்தது டிரைவர் மட்டும்தான். தமிழ் அறியாத ஓர் எழுத்து முறையில் அது இணைப்பைத் திறந்துகொண்டிருந்தது. அமைப்பில் ஒரு சொல்லைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. போனவை போனவைதான். கேள்விக்குறியாகவே சேமிக்கப்பட்டிருந்தன, காப்புப் பிரதியிலும் அப்படியே.

பல்லடம் போய் நேரில் சொன்னேன். “கோளாறு உங்க போன்ல இல்லீங்க அக்கா. டிரைவரால வந்ததுங்க.”

“எந்த டிரைவருங்க? தீவன வண்டிக்காரரா?”

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“நான் எழுதினதுல எதையும் திரும்ப எடுக்க முடியாதுங்களா?”

“முடியாதுங்க.”

“செரி, உடுங்க. அந்தப் பண்ணைக்காரர்கிட்ட மட்டும், நான் எழுதியிருந்தேன்னு சொல்லிப்போடுங்க.”

டாக்டரே போய்ச் சொன்னார். அக்காவிடம் மன்னிப்பும் கேட்டார்.

இப்போது தமிழ் பிசகாமல் பதிகிறது. அக்காவின் கட்டத்தில் மட்டும் தினமும் ‘ஓகே’ என்றுதான் வருகிறது. ஏதாவது இருந்தால் டாக்டருக்கு நேராகப் போன் செய்துவிடுகிறாராம். நிறுவனத்தில் அதுவே வசதி என்கிறார்கள். மறுபடியும் எழுதுங்கள் என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.