களர்க் கல்லறையில் ஒரு சங்கஞ்செடி

மிக்கேலம்மாளுக்கு அழுகை வரவில்லை என்பதை ஊரில் முதலில் கவனித்தவள் அவளுடைய நாத்தனார் ஆரோக்கியம்மாள்தான். பன்னிரண்டு வயசு மகள் ராயம்மாளை மஞ்சள்காமாலை கொண்டுபோன அன்றைக்கு, பெட்டியைத் தூக்கின கையோடு மிக்கேலம்மாள் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். கல்லு நெஞ்சுக்காரி என்று ஆரோக்கியம்மாள் நாலு பேரிடம் சொன்னாள். அது இவள் காதுக்கும் வந்தது. வந்து, போயிற்று. அது 1981, ஆடி மாதம்.

அதற்குப் பிறகு அவள் செய்யாமல் விட்ட வேலை ஒன்றுமில்லை. களி கிண்டினாள், களை வெட்டினாள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாள். குழம்பில் உப்பில்லை என்று புருஷன் யாகப்பன் சொன்னால் உப்பை எடுத்து வைத்தாள். தான் தின்னும்போது அவளுக்கு அது தெரிவதில்லை.

மாதம் ஒரு தடவை மட்டும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்வருவாள். ஊருக்குத் தெற்கே, களர் நிலத்தில் இருந்தது அது. விளையாத மண்ணைத்தானே செத்தவர்களுக்குக் கொடுப்பார்கள். வெயிலில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் மண், மழை விழுந்தால் சோப்புத் தண்ணீர் மாதிரி கரையும். மேடு கட்டினால் இரண்டு மழைக்குத் தாங்காது. ராயம்மாளுக்கு நட்ட மரச்சிலுவையைக் கரையான் தின்றது. இன்னொன்று நட்டார்கள், அதையும் தின்றது. மூன்றாவதைக் கல்லிலேயே செய்துவிடலாம் என்று யாகப்பன் சொன்னான். அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோனது.

மிச்சம் இருந்த அடையாளம் செடிதான். தலைமாட்டில் ஒரு சங்கஞ்செடி, கால்மாட்டில் ஓர் ஆவாரை. கல்லறைக்குள் ஆடு விடக்கூடாது என்பது ஊர்க்கட்டு. அதனால் வெளியே தூரோடு மேய்ந்துபோன காரையும் சூரையும் ஆவாரையும் அங்கே இடுப்பளவு நின்றன. சித்திரை வெயிலிலும் சங்கஞ்செடி பச்சை மாறாது. மகளை ஒரு செடியை வைத்துக் கண்டுபிடிக்கிறோம் என்று மிக்கேலம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. சிலுவைகூட இல்லையா என்று கேட்பார்களே.

1983 ஆனியில் தர்மன் என்று ஒருவர் வந்தார். எங்கோ காலேஜில் பாடம் நடத்துகிறவர், களர் நிலத்துச் செடிகளைப் பற்றிப் பெரிய படிப்பு ஒன்று படிக்கிறார் என்றார்கள். ஆடு நுழையாத இடம் இது ஒன்றுதான் என்று கல்லறைத் தோட்டத்திலேயே பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரம் போட்டு, மூலைக்கு ஒன்றாக இரும்பு முளை அடித்தார். மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு வைத்திருந்தார். அதன் நுனியைப் பிடிக்க மிக்கேலம்மாளைக் கூலிக்கு வைத்துக்கொண்டார்.

நாலு நாள் வேலை. ஒவ்வொரு செடிக்கும் இரண்டு முளையிலிருந்து தூரம் பார்க்கக் கயிறு பிடிக்க வேண்டும். இவள் செடியின் பெயரையும் முடிச்சுக் கணக்கையும் சொல்வாள், அவர் எழுதிக்கொள்வார். ராயம்மாள் தலைமாட்டுச் சங்கஞ்செடிக்கு வந்தபோது, கிளை ஒன்று ஒடித்துப் பேப்பரில் வைக்க வேண்டும் என்றார்.

"இது வேணாங்க சார். அங்க ஒண்ணு இருக்குது, அதுல ஒடிச்சுக்குங்க."

அவர் அந்தச் செடிக்குப் போய் ஒடித்துக்கொண்டார். அடுத்த ஆனிக்கு வருவதாகவும் முளையைப் பிடுங்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஐப்பசியில், கல்லறைத் திருநாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை ஞானராஜ், கல்லறையைச் சுத்தம் செய்ய வீட்டுக்கு ஒருவராக வரச் சொன்னான். போன வருஷம் கல்லறை மந்திரிக்க வந்த சாமியாரின் அங்கி முள்ளில் கிழிந்துவிட்டதாம். இந்தத் தடவை ஒரு செடி நிற்கக் கூடாது. மிக்கேலம்மாளுக்கு மாதையன் காட்டில் கேழ்வரகு அறுப்பு. ஞானராஜ் சொன்ன முழு விவரமும் அவளுக்குத் தெரியாது. வழக்கம்போலப் புல் செதுக்குவார்கள் என்று நினைத்து யாகப்பனை அனுப்பினாள்.

சாயங்காலம் அவன் உள்ளங்கையை விரித்துக்கொண்டு வந்தான்.

"என்னா செடியோ புள்ள, நாலு நாலா குத்துது."

ஊக்கை எடுத்து முள்ளைக் கிளறி எடுக்க ஆரம்பித்தாள். கணுவுக்கு நாலு முள் இருப்பது எந்தச் செடி என்று அவளுக்குத் தெரியும். எந்தப் பக்கம் வெட்டினீர்கள் என்று கேட்டாள்.

"நம்ம பக்கந்தான். போயிப் பாரு, மைதானமாட்டம் இருக்குது."

"வேரோடயா?"

"வேரெல்லாம் யாரு நோண்டறது? மட்டமா வெட்டி உட்டேன்."

அவள் ஏழு முள் எடுத்தாள். விளக்கெண்ணெய் தடவினாள். சோறு போட்டாள்.

அன்று ராத்திரி மழை. மறுநாள் போய்ப் பார்த்தபோது களர் மண் கரைந்து வெட்டின தூரையெல்லாம் மூடியிருந்தது. சிமெண்டுக் கல்லறைகள் ஏழெட்டு. மற்றதெல்லாம் ஒரே வெள்ளைத் தரை. கொஞ்ச நேரம் நின்றாள். எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரியவில்லை. அப்போதுதான் இரும்பு முளை கண்ணில் பட்டது.

திருநாளன்று எல்லாரும் அவரவர் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருக்க, மிக்கேலம்மாள் அந்தச் செடிக்கு ஆனியில் தான் சொன்ன மீட்டர்க் கணக்கை நினைவிலிருந்து முழத்துக்கு மாற்றி முடிச்சுப் போட்ட இரண்டு கயிறோடு வந்தாள். ஒன்றின் நுனியைக் கிழக்கு முளையில் கட்டினாள். இன்னொன்றைத் தெற்கு முளையில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லி யாகப்பனைக் கூப்பிட்டாள்.

"எதுக்குடி? ஊரே பாக்குது."

"நீங்க வெட்டுனீங்களே சங்கஞ்செடி, அதுக்குக் கீழதான் நம்ம புள்ள. வேற அடையாளம் எனக்கு இல்லீங்க."

அவன் தன் கையைப் பார்த்தான். இரண்டு இடத்தில் முள் பட்டது இன்னும் கறுத்திருந்தது.

"சொல்லியிருக்கலாமில்ல."

"சிலுவ போனதுக்கப்புறம் நீங்க இங்க வந்ததே இல்லியே."

யாகப்பன் குந்தி உட்கார்ந்து கயிற்றை முளையோடு சேர்த்து அழுத்திப் பிடித்தான். ஆரோக்கியம்மாள் பார்த்துவிட்டு, செத்தவங்களுக்குச் சர்வே நடக்குதா என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு கயிறும் இழுபட்டு ஒன்றையொன்று தொட்ட இடத்தில் மிக்கேலம்மாள் மெழுகுவர்த்தியை நட்டாள். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்.

மார்கழியில் சங்கஞ்செடி துளிர்த்தது. மெழுகு உருகிக் கிடந்த இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, மேற்கே. நாலு நாலு முள்ளோடு, விரல் உயரம். மிக்கேலம்மாள் மெழுகைச் சுரண்டி எடுத்துப் போட்டாள். யாகப்பன் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்த கருங்கல்லைத் துளிரில் படாமல் இறக்கி, இங்கேயா என்று கேட்டான்.

அவள் இன்னும் கொஞ்சம் தள்ளச் சொன்னாள். பிறகு ஆட்டுக்குத் தழை ஒடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாள்.