ரக்னாவின் குறைகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை மணி அடிக்கிற நேரத்தில் ரக்னா ஸ்டென்ருட் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினாள். எழுபத்தாறு வயது. வெள்ளிக்கிழமை அடக்கம். புதன்கிழமை மத்தியானமாகியும் அவள் சிநேகிதி வெர்னாவின் சமையலறை மேஜையில் கிழித்துப் போட்ட காகிதம்தான் குவிந்து கிடந்தது.

அந்தச் சபையில் அடக்க ஆராதனைக்கு ஒரு வழக்கம் உண்டு. பிரசங்கத்துக்கு முன்னால், போனவருடைய வாழ்க்கையை ஒரு பக்கத்தில் எழுதி யாராவது வாசிப்பார்கள். பிறந்தது, ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம், பிள்ளைகள், இறந்தது. ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். பெண் பாஸ்டரான மெரிடித் ஊருக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அந்தப் பெண் திங்கட்கிழமையே போன் பண்ணி, "நீங்கதான் எழுதணும், வெர்னாம்மா. உங்களைவிட அவங்களைத் தெரிஞ்சவங்க யாரு?" என்று கேட்டுவிட்டாள்.

தெரியாமலா? அடுத்தடுத்த பண்ணை. நாற்பத்தொன்பது வருஷப் பழக்கம். கஷ்டம் அதில் இல்லை.

சாவதற்குப் பத்து நாள் முன்னால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி ரக்னா வெர்னாவின் கையைப் பிடித்திருந்தாள். பிடி என்றால் மாட்டுக்காரியின் பிடி, நோயாளியின் பிடி அல்ல.

"வெர்னா, எழுதறது நீதான். ஆனா என்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை வரக்கூடாது. கேட்டியா?"

"ஏன்டி?"

"கோயிலுக்கு வர்றவங்க கர்த்தரைக் கும்பிட வர்றாங்க. என் புராணம் கேக்க இல்ல. போன மாசம் அந்த ஹார்லன் சாவுல அவன் மவன் முக்கால் மணி நேரம் அப்பன் பெருமை பேசினானே, எனக்கு உக்காரவும் முடியல எந்திரிக்கவும் முடியல. கையடிச்சுக் குடு."

வெர்னா கையடித்துக் கொடுத்தாள்.

"மீறினே, மேல வருவேல்ல, அப்ப கவனிச்சுக்கறேன்" என்றாள் ரக்னா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பில் இருமல் வந்தது. அதோடு பேச்சு முடிந்தது.

அன்றைக்கு அது சுலபமாகத்தான் தோன்றியது. எழுத உட்கார்ந்தபோதுதான் கஷ்டம் தெரிந்தது. புதன்கிழமை சாயங்காலம் பால்மர் வந்து நின்றதும் விஷயம் இன்னும் வில்லங்கமானது.

பால்மர், ரக்னாவின் புருஷன். பனி உருகுகிற மார்ச் மாதச் சேறு பூட்ஸில் அப்பியிருக்க, வாசல் மிதியடியைத் தாண்டாமல் நின்றார். காபி வேண்டுமா என்றாள் வெர்னா. வேண்டாம் என்றார். கொஞ்சம் என்றாள். தொந்தரவு வேண்டாம் என்றார். போட்டாச்சு பால்மர் என்றாள். அப்படியானால் அரைக் கோப்பை என்று உட்கார்ந்து இரண்டு கோப்பை குடித்தார். அந்த ஊரில் யாரும் முதல் தடவையே சரி என்று சொல்வதில்லை.

கோட்டைக்கூடக் கழற்றாமல், தொப்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"வெர்னா, அதுல அவ நல்லவள்னு ஒரு வார்த்தை வரட்டும்."

வெர்னாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன திடீர்னு?"

"நான் சொன்னதில்ல." மறுபடி தொப்பி ஒரு சுற்று. "அம்பத்தொரு வருஷம். ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. காதால கேட்டுட்டாவது அனுப்பலாம்னு பாக்கறேன்."

அவர் சொன்னது பொய்யில்லை. ரக்னா கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் நின்று உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டு வைத்தாலும் அவர் வாயிலிருந்து வருவது "மோசமில்ல" என்கிற ஒரே வார்த்தைதான். அந்த ஊர்க்காரர்களுக்கு அதுவே உச்சப் பாராட்டு. அதற்கு மேல் ஒருவன் வாய் திறந்தால், இவன் எதையோ நம் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று எல்லோரும் பர்ஸைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

"நீயே எந்திரிச்சுச் சொல்லேன் பால்மர்."

"அதெல்லாம் எனக்கு வராது" என்று எழுந்து போய்விட்டார்.

இப்போது என்ன செய்வது? செத்தவளுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். உயிரோடு இருக்கிறவன், பாவம், வாழ்நாளில் முதல் தடவையாக வாய்விட்டுக் கேட்டது ஒரு பக்கம். வெர்னா தேதிகளை மட்டும் வரிசையாக எழுதிப் பார்த்தாள். சந்தையில் மாட்டுக்குப் போடுகிற சீட்டு மாதிரி இருந்தது. கிழித்தாள். வியாழக்கிழமை முழுக்க இதே கதை. சாயங்காலம் ஆத்திரம் தாங்காமல், தீய்ந்துபோன ஒரு சட்டியைத் தேய்த்துக்கொண்டே ரக்னாவைத் திட்ட ஆரம்பித்தாள். "பிடிவாதக்காரி. ஒரு பாட்டையாவது ஒழுங்காப் பாடியிருப்பியா? ஒரு இடத்துக்காவது நேரத்துக்குப் போயிருப்பியா?" திட்டிக்கொண்டே போனவள் சட்டென்று நிறுத்தினாள். சட்டியைத் தண்ணீரில் போட்டுவிட்டு, ஈரக் கையோடு பேனாவை எடுத்தாள்.

நல்லது சொல்லக்கூடாது என்றுதானே சொன்னாள்? குறை சொல்லக்கூடாது என்று சொல்லவில்லையே!

வெள்ளிக்கிழமை கோயில் நிறைந்துவிட்டது. கீழ்த்தளத்துச் சமையலறையில் மாதர் சங்கத்துப் பெண்கள் பன்னுக்குள் பன்றி இறைச்சி வைத்து, பெரிய பாத்திரத்தில் காபியை ஏற்றிவிட்டு மேலே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வெர்னா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றாள். பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் மளமளவென்று வாசித்து முடித்தாள்.

"தன்னைப் பத்தி நல்லது எதுவும் சொல்லக்கூடாதுன்னு ரக்னா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. அதனால அவ குறைய மட்டும் சொல்றேன்."

பாஸ்டர் மெரிடித்தின் முகம் வெளுத்தது.

"மொதல்ல, அவளுக்குப் பாடத் தெரியாது. ஆனா சத்தமாப் பாடுவா. எந்த ஞானப்பாட்டையும் ஆர்கனுக்கு அரையடி முன்னாலயே பாடுவா. வாசிக்கிற லாவோன் பத்து வருஷம் அவளை இழுத்துப் பிடிச்சுப் பாத்துட்டு, அப்புறம் பின்னாடி ஓட ஆரம்பிச்சுட்டாங்க. அவகிட்ட ஞாயிறு பள்ளியில படிச்ச பிள்ளைங்களுக்கு இன்னைக்கும் வேற சபைக்குப் போனா, அதே மாதிரி முந்திப் பாடி மானம் போகுது."

ஆர்கன் பக்கத்திலிருந்து ஒரு களுக்குச் சத்தம் வந்தது. பிறகு பெஞ்சுகளில் பரவியது.

"ரெண்டாவது, நேரத்துக்கு வரமாட்டா. ரோட்டுல எவன் வண்டியாவது பனியில மாட்டியிருந்தா இவளுக்குத் தாண்டிப் போகத் தெரியாது. சொந்த மவன் கல்யாணத்துக்கே முக்கால் மணி நேரம் லேட்டு. பள்ளத்துல கிடந்த ஒரு குடும்பத்தையும் கையோட கூட்டிட்டு வந்தா. அவங்க அஞ்சு பேரும் உக்காந்து விருந்து சாப்ட்டாங்க. இன்னைய வரைக்கும் அவங்க யாருன்னு நமக்குத் தெரியாது."

"எங்களுக்குத் தெரியும்" என்று பின்னாலிருந்து ஒரு நரைத்த மனிதர் கையைத் தூக்கினார். கோயிலே சிரித்தது.

வெர்னா சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.

"மூணாவது, கேக்காம மத்தவங்களுக்காக ஜெபம் பண்ணுவா. ஒரு வருஷம், காபி தெளியறதுக்கு அதுல முட்டை உடைச்சு ஊத்தணுமா கூடாதான்னு எனக்கும் அவளுக்கும் சண்டை. நாலு மாசம் பேசல. ஒரு வேலையா நான் அவ வீட்டுக்குப் போனா, ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருந்த ஜெபச் சீட்டுல என் பேர். சினை மாட்டுக்கும் கவர்னருக்கும் நடுவுல! 'என் பேரை எடுடி'ன்னேன். 'உன் கோவம் போகட்டும், எடுக்கறேன்'னா. கோவம் போய் இருபத்திரண்டு வருஷமாச்சு. அவ எடுக்கவே இல்ல."

வெர்னா நிறுத்தி, ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"நாலாவது. ஆறுதலா ஒரு வார்த்தை பேச வராது அவளுக்கு. என் புருஷன் லாயிட் டிராக்டர் கவுந்து செத்தப்போ ஒம்போது நாள் வந்தா. ஒம்போது நாளும் வாயத் திறக்கல. மாட்டைக் கறந்தா, பாத்திரம் தேச்சா, அடுப்புப் பக்கத்துல உக்காந்தா, இருட்டினதும் போனா. பத்தாம் நாள் நான் எந்திரிச்சுச் சோறு பொங்கினேன். அன்னைக்குத்தான் அவ வரல."

யாரும் சிரிக்கவில்லை. முன் பெஞ்சில் பால்மர் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெர்னா காகிதத்தை நாலாக மடித்தாள். "இதுக்கு மேல நான் சொல்ல முடியாது. கையடிச்சுக் குடுத்திருக்கேன்." கண்ணாடியைக் கழற்றிவிட்டு நேராகப் பால்மரைப் பார்த்தாள். "ஆனா சத்தியம் பண்ணது நான் ஒருத்திதான்."

சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றாள். அந்தக் கோயில் கட்டி நூற்றுப் பத்து வருஷத்தில், அச்சடித்த ஆராதனைத் தாளில் பேர் இல்லாமல் ஒருவரும் எழுந்து பேசியதில்லை. பாஸ்டர் வாயைத் திறந்தாள். வெர்னா ஒரு பார்வை பார்த்தாள். பாஸ்டர் வாயை மூடிக்கொண்டாள்.

பெஞ்சு கிறீச்சிட்டது. பால்மர் எழுந்தார். ஜனங்கள் பக்கம் திரும்பவில்லை. சவப்பெட்டியின் பக்கம் திரும்பினார்.

"ரக்னா" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீ நல்லவ. ரொம்ப நல்லவ."

உட்கார்ந்துவிடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். உட்காரவில்லை. தொப்பியைப் பெஞ்சில் வைத்தார். முதல் முதலில் அவளைக் கதிரடிப்பில் பார்த்தபோது அவள் தலையெல்லாம் உமியாக இருந்ததைச் சொன்னார். கடைக்குட்டி பிறந்த அன்று தான் பயந்துபோய்க் கொட்டகையில் ஒளிந்துகொண்டதைச் சொன்னார். தினமும் விடிகாலையில் அவள் ஜெபம் பண்ணுகிற முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டு, தூங்குகிற மாதிரி பாவனை பண்ணி விழித்துக் கிடந்ததைச் சொன்னார். ஒவ்வொன்றையும் அவளிடமே சொன்னார், வேறு யாரும் அங்கே இல்லாதது போல. கீழே காபி கொதித்து, வற்றி, தீய்ந்த வாசனை படியேறி வந்தது. மாதர் சங்கத்துப் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்களே தவிர, ஒருத்தியும் எழுந்து போகவில்லை.