பெயர் சொல்லும் முன் ஒரு மௌனம்

மேடையில் ஒரு வார்த்தைகூடப் பேசாதவள் எழுதுகிறேன். நாடகக் குழுவினர் பொறுத்துக்கொள்ள வேண்டும். ராஜாமணி அக்கா போய்விட்டார் என்று பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் செய்தி வந்தபோது நான் ஒத்திகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவர் நினைவாக, அவர் மாரக்காவாக நடித்த நாடகத்தையே மறுபடி போடலாம், அவர் வேடத்துக்கு வெளியூர் நடிகையை அழைக்கலாம் என்று இரங்கல் கூட்டத்தில் பேசினீர்கள். நான் வாய் திறக்கவில்லை.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று வசன நோட்டை என்னிடம் கொடுத்தீர்கள். பக்கத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. முதல் நாளே தவறு செய்தேன். தேயிலைத் தோட்டத்திலிருந்து மனுவோடு வந்த மாரக்காவாக அக்கா நிற்கிறார். அதிகாரி பெயர் கேட்கிறார். அக்கா பேசவில்லை. நான் பதறிப்போய், "மாரக்கா, மாரக்கா" என்றேன். மைக் அதைப் பிடித்துக்கொண்டது. அரங்கமே சிரித்தது.

"ஏ அம்மணி, எம்பேரு எனக்கே தெரியாதுன்னு நெனைச்சுப்போட்டியா?" என்றார் அக்கா, முகப்பூச்சைத் துடைத்தபடி. "அந்த மாரக்காவ யாராச்சும் பேரு கேட்டு எத்தன வருசமாச்சோ. தேடி எடுக்க நேரமாகுமுல்ல?"

நான் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனார். வால்பாறை பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண்ணிடம், "ஏனுங்க, உங்க பேரென்னங்க?" என்றார். அந்தப் பெண் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். கையிலிருந்த பையைப் பார்த்தாள். அப்புறம்தான் சொன்னாள்.

"பாத்தியா கண்ணு, எங்கெல்லாம் தேடறா!" என்று அக்கா என் கையைக் கிள்ளினார்.

அன்று முதல் ஒவ்வொரு மேடையிலும் அந்த மௌனத்தை மூச்செண்ணி அளந்தேன். பெரும்பாலும் மூன்று மூச்சு, கோபி ஊரில் மட்டும் ஆறு. ஏன் என்று கேட்டேன்.

"முன்வரிசைல ஒரு அம்மா கொழந்தையத் தட்டித் தூங்க வெச்சுட்டிருந்துச்சு. அது நிமுந்து பாக்கட்டும்னு நின்னேன்."

"நெசமாவே மறந்துபோச்சுன்னா என்னங்கக்கா பண்ணுவீங்க?"

"மறந்தா வாய்க்கு வந்ததப் பேசிப்போடுவேன். தெரிஞ்சாத்தான் கண்ணு சும்மா நிக்க முடியும்."

அது உண்மைதானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வசன நோட்டில் அந்த இடத்தில் ஊர்ப் பெயரும் மூச்செண்ணிக்கையுமாக ஓரம் நிறைந்திருக்கிறது. அவர் நினைவாக நான் எடுத்து வைத்திருப்பது அந்தப் பக்கம்தான். ஆனால் அக்கா சொன்னது உண்மையா என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. மேடையில் அக்கா நின்ற இடத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

கூட்டத்தில் கேட்காததை இங்கே கேட்கிறேன். மாரக்கா வேடத்தை எனக்குக் கொடுங்கள். அதிகாரி பெயர் கேட்டதும் நான் பேசாமல் நிற்பேன். திரைக்குப் பின்னாலிருந்து யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டாம்.