ஊதாக் குழாயின் மேல் ஒரு பலகை

எங்கள் தெருவில் தண்ணீரைக் கண்ணால்தான் சோதிப்பார்கள். சொம்பில் பிடித்து வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பார்கள். மஞ்சள் தட்டினால் பாத்திரம் கழுவ, தெளிந்திருந்தால் குடிக்க. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷெட்டுகளின் உப்பு நிலத்துக்குள் இறங்கிய பிறகு பிறந்தவள் நான். வேறு சோதனைகள் உண்டு என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான்தான். தோல் ஷெட்டுகளின் கழிவுநீரைச் சுத்தப்படுத்தி, மறுபடி ஷெட்டுகளுக்கே அனுப்பும் குழாய்களைப் புதுப்பிக்கும் வேலையில், ஒப்பந்தக்காரரிடம் இன்ஜினியராகச் சேர்ந்தேன். துருப்பிடித்த இரும்புக் குழாய்களை எடுத்துவிட்டு மறுசுழற்சி நீருக்கு அடையாளமான ஊதா நிறக் குழாய்கள் பதித்தோம். பாதை எங்கள் தெரு வழியாகவே போனது. நான் ஹெல்மெட்டோடு நிற்பதைப் பார்க்க அம்மா தினமும் ஏதாவது சாக்கு சொல்லிக்கொண்டு வருவாள்.

குழாயைக் கழுவிவிடத் தெருமுனையில் கைப்பிடி வைத்த ஒரு திறப்பு வைத்தோம். "கைப்பிடியைக் கழட்டிடலாமா மேடம்? யாராச்சும் தொறந்துடப் போறாங்க" என்றார் குழாய் பொருத்தும் பிட்டர். "அதான் பலகை வைக்கிறோமே" என்றேன். பெயின்டர் வராததால் நானே எழுதினேன்: 'மறுசுழற்சி நீர். குடிக்கக் கூடாது.' எழுத்து அழகாக வந்திருந்தது. போட்டோகூட எடுத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அங்கே போனேன். பலகைக்கு நேர் கீழே அம்மா குடம் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். குழாயில் மஞ்சள், குங்குமம். பின்னால் பக்கத்து வீட்டு அக்கா. அவளும் பள்ளிக்கூடம் போகாதவள். தெருவில் படிக்கத் தெரிந்தவர்கள் எப்போதோ கேன் தண்ணீருக்கு மாறிவிட்டார்கள்; இந்தப் பக்கம் குடத்தோடு வருவதில்லை.

"இன்னாம்மா பண்ற?"

"பாத்தா தெரியலையா? தண்ணி புடிக்கிறேன். கண்ணாடியாட்டம் இருக்குது பாரு."

அக்கா சிரித்தாள். "ஒரு வாரமா இதான் குடிக்கிறோம். உப்பே இல்ல. இன்ஜினியரம்மா அவங்க தெருவுக்குன்னு ஸ்பெஷலா உட்டுருக்காங்க!"

"அம்மா, அதுல இன்னா எழுதியிருக்குது தெரியுமா?"

அம்மா அண்ணாந்து பார்த்தாள். "நீ எழுதறப்போதான் பாத்தேனே. உன் பேருதானே? அதான் பொட்டு வச்சேன்."

பலகையைப் படித்துக் காட்டினேன். அக்கா தன் குடத்தைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள்.

"ஷெட்டுத் தண்ணியா இது?" என்றாள் அம்மா.

"சுத்தம் பண்ணிதான் அனுப்புறாங்க. மெஷின் நின்னா அப்டியே வந்துடும்மா."

"இந்த வாரம் நின்னுச்சா?"

நின்றிருந்தது, இரண்டு நாள். இணைப்பு மாற்ற நானே நிறுத்தச் சொல்லியிருந்தேன். சொன்னேன்.

அம்மா குடத்தைச் சாக்கடையில் சாய்த்தாள். "அப்போ நம்ம போர் தண்ணியே குடிக்கிறேன்."

பையில் உப்பு அளக்கும் மீட்டர் இருந்தது. எங்கள் போர் கிணற்றுத் தண்ணீரை அதில் பார்த்திருக்கிறேன்; குடிக்கக்கூடிய அளவைவிடப் பல மடங்கு உப்பு. "அதுவும் வேணாம்மா."

"அப்போ எதைத்தான் குடிக்கிறது? படிச்சவ நீ, சொல்லு."

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் ஸ்பேனரை எடுத்துக் கைப்பிடியைக் கழற்றினேன். விரலெல்லாம் குங்குமம் ஒட்டியது.

கேன் வாங்கிப் போட்டேன். விருந்தாளிக்கு இருக்கட்டும் என்று மூலையில் வைத்துவிட்டாள். இப்போதெல்லாம் அம்மா சொம்பை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பதில்லை. போரில் வருவதைப் பிடித்து அப்படியே குடிக்கிறாள்.