மாலைக்குக் கீழே பேராசிரியர்

பல்கலைக்கழகப் பதிப்பகம் ஒன்றிலிருந்து மாதா மாதம் எனக்கு ஒரு மெயில் வரும். ‘புதிய நூல்கள், செய்திகள்’ என்று தலைப்பு. எப்போதோ ஒரு கருத்தரங்கில் மெயில் ஐடி எழுதிக் கொடுத்த பாவம்... விடாமல் துரத்துகிறது. திறந்து பார்ப்பேனா? சத்தியமாக மாட்டேன்.

போன மாதம் கை தவறித் திறந்துவிட்டேன். கொச்சியில் மட்டாஞ்சேரி சுக்குக் கிடங்குகளைப் பற்றி ஒரு புது ஆங்கிலப் புத்தகம். அட, நம்ம ஏரியா! அட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தால் — சரோஜாம்மா!

எங்கள் எதிர்வீட்டு சரோஜாம்மா. தேனிப் பக்கமிருந்து வந்து, இங்கே கிடங்கில் சுக்கு பொறுக்கியே மகள் கலாவை வளர்த்து ஆளாக்கியவர். போன வருஷம் தவறிவிட்டார். அட்டையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வாய் கொள்ளாமல் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு எங்கள் சந்து முழுக்கக் கேட்கும்.

கலா வீட்டுச் சுவரில் அதுவரை மாட்டியிருந்தது ஆதார் கார்டிலிருந்து பெரிதாக்கிய படம். ஆதார் படத்தில் யார்தான் மனுஷராகத் தெரிகிறோம்? சரோஜாம்மா அதில் முறைத்துக்கொண்டு இருப்பார். வேறு படமே கிடையாது. அந்த முறைப்பைத்தான் கலாவால் தாங்க முடியவில்லை.

காரணம் உண்டு. மூச்சிரைப்பை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகாதே என்று அம்மாவோடு தினமும் மல்லுக்கு நிற்பாள். ஒருநாள் பொறுக்க முடியாமல், “எக்கேடோ கெட்டுப் போ!” என்று கத்திவிட்டாள். அன்று மதியம் கிடங்கில் மயங்கி விழுந்தவர் பிறகு கண் திறக்கவே இல்லை.

“விளக்கு வைக்கப் போனா அம்மா என்னையே முறைக்குதுக்கா. மொகத்தப் பாக்காமத் திரும்பி வந்துடறேன்” என்று எத்தனை முறை என்னிடம் அழுதிருப்பாள்!

செருப்புகூடப் போடாமல் போனோடு எதிர்வீட்டுக்கு ஓடினேன். கலா பார்த்தாள்.

“அய்யோ... சிரிக்குது” என்றாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அழுததையெல்லாம் இங்கே எழுத வேண்டுமா, என்ன?

புத்தகத்தை வரவழைத்தோம். கலா மேலுறையைக் கழற்றி, தோப்பும்படியில் பிரேம் போடும் கடைக்குக் கொண்டு போனாள். எழுத்தையெல்லாம் வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் போடலாம் என்றாராம் கடைக்கார சேட்டன். இவள் விடவில்லை.

“புஸ்தகத்துல போயி கத்திரி வைக்கறதா? சரஸ்வதியில்லியா!”

கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆட்கள் நாம். அவளை என்ன சொல்வது?

ஆக, சுவரில் சரோஜாம்மா. சந்தனப் பொட்டு, மல்லிகை மாலை. கீழே கொட்டை எழுத்தில் ஆசிரியரின் பெயர் — பட்டங்களோடு. கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர் பெயரைப் படித்துவிட்டு, “புரொஃபசர் எப்போ போனார்?” என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்.

இதற்கிடையில் பதிப்பகத்துக்கு எழுதியிருந்தேன். உங்கள் அட்டையில் இருக்கும் அம்மா காலமாகிவிட்டார், அவர் மகள் இங்கேதான் இருக்கிறாள் என்று. பதிலே வராது என்று நினைத்தேன். போன ஞாயிறு, கலூரிலிருந்து அந்தப் பேராசிரியரே வந்து நின்றார்! கலா வீட்டுக்குள் நுழைந்தார். நிமிர்ந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

“அய்யோ! ஞான் மரிச்சோ?”

நான் செத்துட்டேனா என்று கேட்கிறார் மனுஷர்! கலா பதறிப்போய், “வெட்ட மனசு வரல சாரே... பேர் மேல ஒரு பேப்பர ஒட்டிடட்டா?” என்றாள்.

“வேண்டா வேண்டா” என்று சிரித்தபடி உட்கார்ந்தார். உயிரோடு இருக்கும்போதே வீட்டுக்குள் மாலை மரியாதை! இத்தனை வருஷமாகப் பத்தி எழுதுகிறேன், எனக்கு ஒரு துண்டுகூட விழுந்ததில்லை.

சாயா கொடுத்துவிட்டு, நாலு வாரமாக மனசுக்குள் வைத்திருந்ததைக் கலா கேட்டாள்.

“படம் எடுக்கறப்ப அம்மா எதுக்கு சாரே சிரிச்சுச்சு?”

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். மலையாளம் கலந்த தமிழில் நிதானமாகச் சொன்னார். “இப்படி மூச்சு வாங்குதே, வீட்டில ஆரும் திட்டமாட்டாங்களான்னு நான் கேட்டு. ‘எம்மக காலையில திட்டித்தான் அனுப்பிச்சா சாரே. திட்டட்டும். இந்த ஊருல என்னத் திட்டறதுக்கு அவள விட்டா எனக்கு யாரு இருக்கா?’ன்னு சொல்லி ஒரு சிரி! அப்போ எடுத்த போட்டோவாக்கும்.”

கலா எழுந்து போய், பட்டப்பகலில் விளக்கை ஏற்றினாள். அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

மறுநாள் காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். எதிர்வீட்டிலிருந்து கலாவின் குரல் சந்து முழுக்கக் கேட்கிறது.

“சிரி, நல்லா சிரி! சொன்ன பேச்ச என்னிக்காச்சும் கேட்டிருக்கியா நீ?”